அம்பிட்டிய பஸ்ஸில் சொன்ன இரண்டு வரி

ஒக்டோபர் 8, திங்கள்

கண்டியில் விடியற்காலையிலிருந்து மழை. ஹந்தானை மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. சப்பாத்து இன்னும் காயாததால் றப்பர் செருப்போடு கந்தோர் வேலைக்கு.

விழாக் கையேட்டின் தமிழ்ப் பகுதி இன்று கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இன்னும் மிச்சம்:

– நான்கு பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சலை வைத்துக் கச்சேரி (பெல்ஜியக்காரர்)
– உருகும் ஐஸ் கட்டிக்குள் மைக் (ஜப்பான்காரர்)
– கண்டி மேளமும் கணினியும் (கொழும்பிலிருந்து இருவர்)
– இங்கா என்ற ஜெர்மன்காரியின் 'ஒரு நகரம் பேசுகிறது'
– மின்சாரம் நின்றால் எந்தக் கதவால் வெளியேறுவது

கடைசியானது மட்டும் சுலபமாக வந்தது.

விழாவின் பெயரை, 'பரிசோதனை இசை, எண்மக் கலை' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம், அடியில் சின்ன எழுத்தில் தமிழ். கந்தோரிலும் மொழிபெயர்ப்புத்தான் என் வேலை, மேலே இருப்பதைக் கீழே சொல்வது. நிலந்த (விழாவை ஒழுங்கு செய்பவன், மரியாதையான பிள்ளை) சிங்களத்தில் சொன்னான்: "தமிழ் இல்லாவிட்டால் காசு கொடுத்து உதவி செய்பவர்கள் கேள்வி கேட்பார்கள், சாந்தி மிஸ்." வாசிக்க ஆள் வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. உண்மை பேசியதற்கு நன்றி.

அக்கா வந்து ஐந்து கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், பிறகு பஸ். இடது கண்ணில் அழுத்தம். 31ஆம் திகதி ஒபரேசன். வருட முடிவுக்குள் வெட்டாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்று டொக்டர் சொல்லியாயிற்று. ஆமி கொடுத்த பயண பாஸ் நவம்பர் கடைசி வரைக்கும்தான். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடக்கிறது. ஒருமுறை திரும்பிப் போனால் இன்னொரு பாஸுக்கு யார் கையெழுத்து வைப்பார்கள்?

அந்தப் பஸ் விஷயத்தையும் எழுதிவிடலாம். இரண்டு கிழமைக்கு முன், கிளினிக் முடிந்து அம்பிட்டிய பஸ்ஸில் நானும் அக்காவும். அக்கா கப்பல் கதையைத் தொடங்கினாள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த தொண்டை. வகுப்பின் கடைசி வாங்குவரை கேட்கும். எங்களுக்கு நாலு சீட் முன்னால் இரண்டு ஆமிக்காரர். ஒருவன் திரும்பிப் பார்த்தான். சும்மாவும் பார்த்திருக்கலாம். நான் அக்காவின் கையைக் கிள்ளி அவளுடைய காதுக்குள் இரண்டு வசனம் சொன்னேன்.

அன்றிலிருந்து அக்கா வாசற்படியைத் தாண்டினால் வாய் திறப்பதில்லை. வீட்டுக்குள்ளும் குசுகுசுப்புத்தான். இன்றைக்குச் சோறு போடும்போது என் காதருகே வந்து: "இஞ்சை கதைக்கலாமோ? சாம்பாருக்கு உப்புக் காணாது எண்டு சொல்ல அனுமதி இருக்கோ?"

உப்புக் காணாதது உண்மை.

ஒக்டோபர் 11, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

இங்காவை (இனி இ.) விழா மண்டபத்தில் சந்தித்தேன். என் வயதுதான் இருக்கும். உயரம், நரைத்த கட்டை முடி. நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம்.

மூன்று கிழமை நகரமெல்லாம் சுற்றிச் சத்தம் பிடித்திருக்கிறாள். பிரம்புக் கூடைக்குள் முட்டைக்கோவா, அதற்குக் கீழே மைக். பொலிஸ் கடிதம் பிளாஸ்டிக் உறையில். நான் டோர்ச்சுக்கு பற்றரி நாலு சேர்த்து வாங்கினால் கடைக்காரர் குண்டுக்கோ என்பதுபோல முகத்தைப் பார்க்கிறார். இவள் நாலு மைக்கோடு மார்க்கெட், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வரிசை, பஸ். ஒரு இடத்திலும் ஒருவரும் நிறுத்தவில்லையாம். "மக்கள் எவ்வளவு அன்பானவர்கள்!"

பிறகு சொன்னாள்: மார்க்கெட்டில் முஸ்லிம் வியாபாரிகளின் தமிழ் நிறையக் கிடைத்ததாம். பஸ்ஸிலும் ரயிலிலும் வரிசைகளிலும் தமிழே இல்லையாம். "இங்கே தமிழர் குறைவா, சாந்தி?"

குறைவில்லை. வாயைப் பூட்டிக்கொண்டு போகிறோம். சொல்லவில்லை.

"ஒரே ஒரு இடம் கிடைத்தது," என்றாள். "பஸ்ஸில். யாரோ ஒரு பெண் ரகசியமாகப் பேசுகிறாள். கூடையை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பின்னால் நின்றேன், முகம் தெரியவில்லை, ஆனால் மூச்சுக்கூடத் தெளிவு. அதைச் சுற்றித்தான் என் படைப்பு முழுவதையும் கட்டியிருக்கிறேன். எட்டு ஒலிபெருக்கி. அர்த்தம் தெரியாது, ஆனால் என்ன ஒரு மென்மை!" சொற்களை எழுதி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தரவேண்டுமாம். திரையில் ஓடும்.

காதில் மாட்டினாள்.

மழை. எஞ்சின். கண்டக்டர். யன்னல் பக்கமாகத் திரும்பி, எஞ்சினுக்குள் அமுங்கி ஒரு குரல், "சத்தி எடுக்கிறவனுக்கு மேலை இன்னொருத்தன் சத்தி." அக்காவின் கப்பல் கதை, வாந்தி எடுத்த கதை. பிறகு காதுக்கு மிகக் கிட்டே:

"அக்கா, வாயைப் பொத்து. இது உன்ர ஊர் இல்லை."

என் குரல்.

பிறந்ததிலிருந்து அக்காவை நீங்கள் என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்குப் 'பொத்து', 'உன்ர' எல்லாம் எங்கிருந்து வந்ததோ. அதைவிட மோசம் குரல். கோபமில்லை, பயமில்லை. அலுமாரிக்குள் எலியைக் கண்டு சொல்வதுபோல ஒரு அருவருப்பு. இதையா மென்மை என்கிறாள்?

இ. என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?"

"சத்தம் தெளிவில்லை. வீட்டில் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்," என்றேன். மூச்சுக்கூடத் தெளிவு என்று அவளே சொன்ன பிறகு.

ஒக்டோபர் 12, வெள்ளி

நவராத்திரி தொடக்கம். அக்கா யன்னலைச் சாத்திவிட்டுத் தேவாரம் பாடினாள், உதட்டுக்குள். எனக்குக் காட்டத்தான்.

என்ன எழுதலாம்:
1. உள்ளதை.
2. 'கேட்கவில்லை' என்று.
3. வேறு ஏதாவது.

முதலில் இ.யிடம் கேட்டுப் பார்த்தேன், தொலைபேசியில். அது முக்கியமில்லாத வரி, எடுத்துவிடலாமே. "முக்கியமில்லாததுதான் எனக்கு வேண்டும்!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். காரணத்தைச் சொன்னால் எடுத்திருப்பாள். நல்ல மனுஷி என்று எழுதினேனே. காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

பதினொரு மணிக்கு எழுதிக் கொடுத்தேன்: 'அக்கா, யன்னலைச் சாத்துங்கள். மழை உள்ளே வருகிறது.' சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் வாசிக்க அழகாகவே இருந்தது.

நிலந்த: "தமிழ், மிஸ்?"

திரையில் தமிழ் தேவையில்லை, தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் காது இருக்கிறதே என்றேன். இவ்வளவு காலம் தமிழையும் போடுங்கள், தமிழையும் போடுங்கள் என்று எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். முதன்முறையாகத் தமிழ் வேண்டாம் என்று நானே வாதாடினேன். உடனே ஒத்துக்கொண்டார்கள். இவ்வளவு சீக்கிரமாக என் கோரிக்கை எதுவும் நிறைவேறியதில்லை.

ஒக்டோபர் 15, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்றைக்கு அக்காவுக்குக் கிளினிக். நான் கூடப் போயிருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து கையேட்டுப் படி வந்ததால், தனியே போகச் சொன்னேன். கிளினிக் காட் (அட்டை) இருக்கிறது, வழி தெரியும், அங்கே தமிழ் தெரிந்த தாதிமாரும் உண்டு.

பின்னேரம் வந்தால் அக்கா கதிரையில் இருந்து சிரிக்கிறாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. கிளினிக் காட்டை நீட்டினாள். ஆங்கிலத்தில் சிவப்பு மையால், அடிக்கோட்டோடு: ஊமை.

"பேரைக் கூப்பிட்டாளவை, நான் ஒண்டும் சொல்லேல்லை. கையைத் தூக்கினன். என்ன வருத்தம் எண்டு கேட்டாளவை, கண்ணைக் காட்டினன். பேர் என்னெண்டாள், காட்டைக் காட்டினன். பாவம், அந்த நேர்ஸ் பிள்ளை என்ர தலையைத் தடவிவிட்டது."

"பிறகு?"

"பிறகென்ன, டொக்டர் வந்து தாளைப் புரட்டினார். ஜனவரி எண்டு எழுதிப்போட்டார்."

கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் இந்த ஒபரேசன். நோகுதா, தெரியுதா என்று டொக்டர் கேட்டுக்கேட்டு வெட்ட வேண்டும். வாய் பேசாதவர்களுக்கு முழு மயக்கம். அதற்கு வேறு பட்டியல். அந்தப் பட்டியலில் ஜனவரி.

ஜனவரியில் பாஸ் இல்லை. ஜனவரியில் அந்தக் கண்ணும் இருக்காது.

கத்தினேன். "உங்களுக்கென்ன விசரோ? ஒரு வார்த்தை வாய் திறந்தால் முத்தா உதிர்ந்துபோகும்?"

அக்கா மெதுவாக: "நீதானே சொன்னனீ, வாயைப் பொத்தச் சொல்லி. எந்தெந்த இடத்திலை பொத்திறது, எந்தெந்த இடத்திலை திறக்கிறதெண்டு பட்டியல் தரேல்லையே. மொழிபெயர்ப்பாளர் அம்மா, நீங்கள் எழுதித் தாங்கோ, நான் பாடமாக்கிறன்."

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேசிக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். முடியாதாம். உண்மையில் ஊமையாக்கினது யாரோ, அவர் போய்ச் சொல்லட்டுமாம்.

ஒக்டோபர் 17, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. விழா வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வரிசையில் நின்று, எல்லோர் முன்னாலும், அக்கா ஏன் பேசவில்லை என்று சிங்களத்தில் விளக்குவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வசனத்தில் நிற்கிறது.

மண்டபத்தில் வயர் இழுப்பவர் செபஸ்டியன். கம்பளைத் தமிழர், ஐம்பது வயது, கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டினவர். எட்டு ஒலிபெருக்கியையும் அவர்தான் கட்டினார். இ. சோதனைக்காக அந்தத் துண்டைப் போட்டாள். என் குரல் மண்டபத்தைச் சுற்றிவந்தது. செபஸ்டியன் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மழை உள்ளே வருகிறது என்று சிங்களத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இ. தேநீர் குடிக்கப் போன பிறகு இறங்கி வந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அது ஒங்க குரல் மாதிரியே இருக்குங்க."

"இல்லை," என்றேன்.

"சரிங்க." வயரைச் சுருட்டினார். "நம்ம வீட்லயும் இதேதாங்க. பஸ் ஸ்டாண்டுல வச்சே சொல்லிருவேன், ஏறுனா எறங்குற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு. எம் பொஞ்சாதி கேக்குது, மூச்சு விட்டா சிங்களத்துல விடவா தமிழ்ல விடவான்னு." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "திரையில போட்டிருக்கது யாருங்க எழுதுனது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். திரும்ப ஏணியில் ஏறிவிட்டார். கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஒக்டோபர் 19, வெள்ளி

விழா. முதல் நாள். மூன்று மணிக்கு வழமையான மழை.

வாசலில் அடையாள அட்டை, பை சோதனை. செபஸ்டியனின் கருவிப் பெட்டியைக் காலையிலிருந்து மூன்று தரம் கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே சுதந்திரமான ஒலி பற்றி உரை.

குளிர்சாதனப் பெட்டிக் கச்சேரி நாற்பது நிமிடம். பிரதம விருந்தினர் தூங்கினார். பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா: "எங்கட வீட்டுப் பெட்டியும் இப்படித்தான் கத்துது. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டேனே, மடச்சி நான்." நல்ல தமிழ், என் காதுக்கு மட்டும். நானும் அவளுக்கு மட்டும் சிரித்தேன். ஆளையாள் யார் என்று கேட்கவில்லை.

கணினி மேளம் பரவாயில்லை. மேளம் நின்ற பிறகும் கணினி அடித்துக்கொண்டிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை.

ஐஸ் கட்டி: இருட்டு. ஒரு தட்டில் பெரிய கட்டி. அது உருகும்போது உள்ளே சின்னச்சின்னதாக வெடிக்கும் சத்தம், பெரிதாக்கி. வேறொன்றுமில்லை. அரை மணி நேரம். ஒன்றையும் நினைக்காமல் இருந்திருக்கிறேன் என்று விளக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. இந்த மாதத்தில் முதல் தடவை. இவர்களை முழுக்கவும் பழிக்க முடியவில்லை என்பதும் ஒரு எரிச்சல்.

வீட்டில் அக்கா: "உன்ர விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டியோ? ஊமையளுக்கு ரிக்கற் இல்லையோ?"

கண்ணுக்கு வெளிச்சம் கூடாது என்றேன்.

ஒக்டோபர் 20, சனி

'ஒரு நகரம் பேசுகிறது.' மாலை ஐந்து மணி. மண்டபம் நிறைந்தது. வெள்ளைக்காரர், கொழும்புக்காரர், பேராதனை மாணவர்கள். தமிழர் என்று எனக்குத் தெரிந்து பத்துப் பன்னிரண்டு பேர், பிரிந்து பிரிந்து.

முதலில் மார்க்கெட், ரயில், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, ஐஸ்கிறீம் வண்டிப் பாட்டு. பிறகு எல்லாம் அடங்கி, மழை. பிறகு நான். முதலில் ஒரு மூலையிலிருந்து. பிறகு எதிர் மூலை. பிறகு எட்டுப் பக்கத்திலிருந்தும், ஒன்றின்மேல் ஒன்றாக, மெதுவாக்கி, நீட்டி. பொத்து. பொத்து. பொத்து. ஊர் இல்லை. ஊர் இல்லை. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

திரையில் யன்னலும் மழையும். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

தமிழ்த் தலைகளைப் பார்த்தேன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் சிரித்த அம்மா மடியைப் பார்த்தபடி. ஒரு வங்கி உத்தியோகத்தர் நிகழ்ச்சி நிரலை விசிறியாக மடித்து விரித்து மடித்து. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அப்பாவிடம், "அப்பா, ஏன் அந்த ஆன்ட்டி வாயை..." என்று தொடங்க, அவர் பிள்ளையின் வாயில் கை வைத்துவிட்டார். வைத்த கையை, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அப்படியே வைத்திருந்தார்.

கைதட்டல் நெடுநேரம். நிலந்த ஓடிவந்து: "மிஸ், அந்த மழை வரி! எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு எளிமை!"

நாளைக்கு மறுபடி, காலை பத்து மணிக்கும் மத்தியானமும். ஒருமுறை போட்டால் போதாதாம்.

ஒக்டோபர் 21, ஞாயிறு

என் மடத்தனம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார நோனாவுக்கு (சிங்கள அம்மா) மரியாதைக்காக இரண்டு அழைப்பிதழ் கொடுத்திருந்தேன், போன மாதம். வரமாட்டாள் என்று நினைத்து. இன்றைக்கு வந்தாள். தனியே வருவானேன் என்று, மேலே அறையில் தனிமையில் இருந்த அக்காவையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு. அக்கா வெள்ளைப் பட்டுப் புடவை. நெற்றியில் திருநீறு, அழிக்காமல்.

நான் பின்னால் நின்றேன். வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு காரணம் தேடினேன். விளக்கு அணைந்துவிட்டது.

மார்க்கெட். ரயில். மழை. நான்.

அக்காவின் பின்தலை மட்டும் தெரிந்தது. முதல் தடவை குரல் வந்தபோது அசையவில்லை. எட்டுப் பக்கமும் வந்தபோது மெல்ல நிமிர்ந்து ஒவ்வொரு ஒலிபெருக்கியாகத் திரும்பிப் பார்த்தாள், வகுப்பில் சத்தம் போட்ட பிள்ளையைத் தேடுவதுபோல. பிறகு திரை. கழுத்தை நீட்டி, நல்ல கண்ணால் வாசித்தாள். நீண்ட நேரம் வாசித்தாள்.

முடிந்ததும் கேள்வி நேரம். இ. மேடையில். யாரோ அந்த வரியின் அழகைப் பற்றிக் கேட்டார். இ. பேசிக்கொண்டிருக்க, அக்கா எழுந்தாள். கை உயர்த்தவில்லை. மைக் கேட்கவில்லை. அவளுக்கு மைக் எதற்கு?

ஆங்கிலத்தில், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக: மன்னிக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது. யன்னலும் இல்லை, மழையும் இல்லை. அந்தப் பெண் சொல்வது, அக்கா, வாயைப் பொத்து, இது உன் ஊர் இல்லை என்று. சொல்லப்பட்ட ஆள் நான்தான். எனவே எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சொன்னவள் யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

பின்னால் செபஸ்டியன், மெதுவாக: "ஆத்தாடி."

இ. வாயில் கை வைத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். இறங்கி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பிறகு, ஐயோ, பிறகு என்ன நடந்தது? கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்து. அக்காவும் ஒரு படைப்பாகிவிட்டாள். அரை மணிக்குள் நிலந்த திரையின் வரிகளை மாற்றிவிட்டான், மத்தியானக் காட்சிக்குச் சரியானது ஓடியது. "இது இன்னும் வலுவாக இருக்கிறது," என்றார் பெல்ஜியக்காரர்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் நோனா என்னிடம், சிங்களத்தில்: "அக்காவின் குரல் கேட்காமல் வீடு என்னவோ போலிருந்தது. நான் நினைத்தேன் கண் வலியாக்கும் என்று."

ஒக்டோபர் 22, திங்கள்

கந்தோருக்கு லீவு. நிலந்த கூப்பிட்டான். கோபமில்லை, அதைவிட மோசமான கவலை: "எங்களிடம் சொல்லியிருக்கலாமே, மிஸ்." அடுத்த விழாவுக்கு வேறு ஆள் பார்ப்பார்கள். சரி. நானே என்னை வைத்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா பேசுகிறாள். முழுத் தொண்டையில். காலையிலிருந்து நிற்கவில்லை: கப்பல் கதை, மீன் விலை, செல் குண்டு விழுந்த பள்ளிக்கூடத்துக் கூரை, எனக்கு ஐந்து வயதில் வந்த அம்மை. நான் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

மத்தியானம் சாப்பிடும்போது: "மொழிபெயர்ப்புப் பிழையெண்டால் திருத்தத்தானே வேணும். என்ர வேலை அது. உனக்கெண்டு ஒரு வன்மமும் இல்லை."

"என்னை அடிச்சிருக்கலாம் அக்கா."

"அடிச்சால் நோகும். நீ அழுவாய். பிறகு நான் தேத்தண்ணி போட்டுத் தரவேணும்." கோப்பையைக் கழுவினாள். "பொத்தெண்டு சொன்னதுக்கு நான் கோவிக்கேல்லை, விளங்குதோ? பயம் ஆருக்கில்லை. அந்த மழையைக் கொண்டுவந்து போட்டாய் பார், அதுதான். பயத்திலை சொன்னதை ஆக்கள் ரசிக்க வடிவாக்கிப்போட்டாய்."

பிறகு, அதே மூச்சில்: ஜனவரி வரைக்கும் இருக்கேலாது. அடுத்த கப்பலுக்கு எழுதப் போறன். ஒரு கண் போதும் எனக்கு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறன், பழைய திகதியை வாங்கித் தாறன் என்றேன். நாளைக்கே. உள்ளதைச் சொல்லி.

"உள்ளதையோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஒக்டோபர் 23, செவ்வாய்

ஆறரைக்கே ஆஸ்பத்திரி. வெயில். இலக்கம் 41.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆமிக்காரர், ஒரு கண்ணில் கட்டு, இருபத்தைந்து வயது இருக்கும். மனைவி கூட. பெரிய வயிறு. அவள் தன் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து எனக்கும் ஒன்று தந்தாள். எங்கே அடிபட்டது என்று நான் கேட்கவில்லை. வடக்கே என்று அவளே சொன்னாள். வீட்டுக்காரருக்கா கண் வருத்தம் என்று கேட்டாள். அக்காவுக்கு என்றேன். சிங்களத்தில்தான் எல்லாம். நல்ல சிங்களம் என்னுடையது, ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை.

என் முறை வந்தபோது அவர்கள் இருவரும் எனக்கு நேர் பின்னால்.

தாதி காட்டைப் பார்த்தாள். இளம்பெண், தலையைத் தடவினவள் இவளாகத்தான் இருக்க வேண்டும். நான் சொன்னேன்: இவர் ஊமை இல்லை. தவறாக எழுதப்பட்டுவிட்டது. நன்றாகப் பேசுவார். 31ஆம் திகதியையே திரும்பத் தரவேண்டும்.

"ஊமை இல்லையா? அப்படியானால் அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை?"

கேட்டது வேறு எதற்குமில்லை. டொக்டருக்குக் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உள்ளது ஒரே வசனம்: பஸ்ஸில் தமிழ் பேசவேண்டாமென்று நான் சொன்னேன், அதனால். நேற்று இரவெல்லாம் பாடமாக்கின வசனம். பின்னால் அந்த மனைவி பழத்தோலைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும் சத்தம்.

"யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவர்," என்றேன். "வந்ததிலிருந்து மனம் கொஞ்சம் சரியில்லை. சில நாள் பேசமாட்டார். இப்போது பரவாயில்லை."

"அனே பவ்," என்றாள் தாதி. பாவம் என்று. பின்னாலிருந்தவளும் அதையே சொன்னாள்.

உள்ளே போய் டொக்டரிடம் கேட்டு வந்தாள். 31 கிடைத்தது. நான் பக்கத்தில் நின்று கேள்வியையும் பதிலையும் மொழிமாற்றிச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஊமை என்பதைக் கோடிட்டு வெட்டி, அதற்குமேல் புதிதாக எழுதிக் காட்டை என் கையில் தந்தாள்.

பஸ்ஸில் வாசித்தேன். 'ஊமையல்ல. மனநிலைக் குழப்பம். சகோதரி கூற்று.'

காட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்க நினைத்தேன். வாசலிலேயே அக்கா கை நீட்டினாள். "கிடைச்சுதோ?"

"முப்பத்தொண்டு. கிடைச்சிட்டுது."

முகம் மலர்ந்துவிட்டது. உண்மையாகவே. என் கன்னத்தைத் தொட்டாள். "பாத்தியே, சொன்னால் கேப்பினம். என்ன சொன்னனீ?"

காட்டைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

யன்னலடிக்குக் கொண்டுபோனாள். வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். நான் இங்கே மேசையில் வந்து இருந்து இதை எழுதத் தொடங்கினேன். இவ்வளவும் எழுதி முடித்துவிட்டேன். மூன்று வரி கூட இல்லை அந்தக் காட்டில். இன்னும் வாசித்துக்கொண்டு நிற்கிறாள்.